நிழல் விழும் சுவருக்கு எந்தக் கொடி?

நர்சரிக்குப் போய், சுவரில் ஏற்றிவிட ஒரு கொடி வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது காகிதப்பூ, முல்லை, அலமண்டா, கொடி ரோஸ் இந்த நாலில் ஒன்றுதான். நான்குமே வெயிலுக்குப் பிறந்தவை. நிழல் சுவரோரம் நட்டால் இவை சாவதில்லை, அதுதான் சிக்கல். ஒல்லியாக நீண்டு, கணுவுக்குக் கணு தள்ளித் தள்ளி ஓரிரு இலை விட்டு, மொட்டை மாடியின் விளிம்பை எட்டி வெயிலைக் கண்ட பிறகுதான் கிளைத்துப் பூக்கும். கீழே பத்தடி உயரத்துக்கு வெறும் தண்டு தெரியும். வீட்டுக்காரர் சாணமும் புண்ணாக்கும் போட்டுப் பார்ப்பார். உரத்தால் அது தீராது. குறை வெளிச்சத்தில் இருக்கிறது.

காட்டில் பெருமரங்களின் அடியில் முளைத்து, அடிமரத்தைப் பற்றிக்கொண்டு மெல்ல மேலேறும் கொடிகள் தனி வகை. வெற்றிலை, மிளகு, திப்பிலி ஒரு குடும்பம். மணி பிளாண்ட், சிங்கோனியம், பிலோடெண்ட்ரான், மான்ஸ்டெரா எல்லாம் சேம்பின் குடும்பம். நிழல் சுவருக்கான கொடியை முதலில் இந்த இரண்டு வீடுகளில் தேட வேண்டும். தமிழ்நாட்டுச் சமவெளியில் இருக்கும் ஒரு வீட்டுக்கு என்னைக் கேட்டால் முதல் பெயராக வெற்றிலையைச் சொல்வேன். ஏன் என்று சொல்வதற்கு முன் உங்கள் நிழலையும் சுவரையும் பார்த்துவிடுவோம்.

எவ்வளவு நிழல், எந்த மாதத்தில்?

வெளிநாட்டுத் தோட்டப் புத்தகங்களில் வடக்குச் சுவர் என்றாலே ஆண்டு முழுவதும் நிழல் என்று எழுதியிருப்பார்கள். அது அவர்கள் ஊருக்குச் சரி. நம் ஊர் கடகரேகைக்குத் தெற்கே இருக்கிறது. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை உச்சிப் பொழுதில் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும். நாகர்கோவிலில் இந்தக் காலம் இன்னும் சில வாரம் நீளும். காலையிலும் மாலையிலும் மார்ச் கடைசி தொடங்கி செப்டம்பர் வரை வடக்குச் சுவரில் சாய்வெயில் விழும். அதாவது தை மாதத்தில் குளுகுளுவென்று இருக்கும் உங்கள் வடக்குச் சுவர், கத்திரி வெயிலில் சூடேறும். மார்கழியில் பார்த்து, "இங்கே வெயிலே வராது" என்று முடிவுகட்டி மென்மையான நிழல் செடியை வைத்தால் வைகாசியில் இலை கருகி நிற்கும். தெற்குச் சுவரின் கணக்கு நேர்மாறு: ஐப்பசி முதல் மாசி வரை நல்ல வெயில், ஆனி ஆடியில் நிழல்.

ஆண்டு முழுவதும் நிழலில் இருக்கும் சுவர்கள் வேறு. இரண்டு வீடுகளுக்கு இடையே மூன்றடி, நாலடி சந்தில் எதிரெதிரே நிற்பவை. மாமரத்தின் அடியிலோ வேம்பின் அடியிலோ இருப்பவை. சன்ஷேடுக்குக் கீழே உள்ள பகுதி. அடுக்குமாடிக் கட்டடத்தின் நடுவே காற்றுக்காக விடப்பட்ட கிணறு போன்ற வெளி. நகரத்து வீடுகளில் மூடி மறைக்க வேண்டும் என்று மனம் கேட்பது பெரும்பாலும் இந்தச் சுவர்களைத்தான்.

நிழலின் அளவை அறியக் கருவி எதுவும் வேண்டாம். நடுப்பகலில் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளிக் கையை நீட்டுங்கள். விரல் விரலாகப் பிரிந்து நிழல் விழுந்தால் அங்கே கொடிகளில் பாதிக்கு மேல் வளரும். கை என்று அடையாளம் தெரிகிற அளவுக்கு மங்கலாக விழுந்தால் அது இடைநிழல். வெற்றிலைக்கும் மிளகுக்கும் சொந்த ஊர். நிழலே விழவில்லை என்றால் அடர்நிழல். அங்கே பூவை மறந்துவிடுங்கள். பசுமையான இலை போதும் என்று மனத்தைத் தயார் செய்துகொண்டால் அந்தச் சுவரும் அழகாகும். இந்தச் சோதனையைத் தையில் ஒரு முறை, சித்திரையில் ஒரு முறை செய்வது நல்லது. அவசரமாக நட வேண்டியிருந்தால் எந்த மாதத்தில் பார்க்கிறீர்கள் என்பதையாவது கணக்கில் கொள்ளுங்கள்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கொடி படர்ந்தால் வீடு குளிரும் என்பது மேற்குச் சுவருக்கு முழு உண்மை. ஏற்கெனவே நிழலில் இருக்கும் சுவர் வெயிலை வாங்குவதே இல்லை. அதில் கொடி ஏற்றுவதால் உள்ளறைச் சூடு பெரிதாகக் குறையாது. ஜன்னலைத் திறந்தால் பாசி படிந்த சிமெண்டுக்குப் பதில் பச்சை தெரியும், சந்து உயிர்பெறும், பறிக்க நாலு இலை கிடைக்கும். இதற்காகத்தான் செய்கிறோம்.

சுவர் தாங்குமா?

நிழல் சுவர் எளிதில் காயாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்தது தை வரை ஈரமாகவே இருக்கும். அதன்மேல் இலைப்போர்வை போட்டால் காய்வது இன்னும் தள்ளிப்போகும். ஆகவே கொடிக்கு முன் கொத்தனார். குளியலறைக் குழாய்க் கசிவு, மழைநீர்க் குழாயின் இணைப்பு, பூச்சில் விரிசல், அடியில் உப்புப் பூத்து உதிரும் இடம் எல்லாவற்றையும் சரிசெய்து, ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு நடுங்கள். சுவரில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாத வீட்டில் கொடி ஏற்றவே வேண்டாம். கசிவு மோசமாவது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

விரிசலில் இன்னோர் ஆபத்தும் உண்டு. காக்கையும் மைனாவும் எச்சத்தோடு போடும் அரச விதை, ஆல விதை சுவர் வெடிப்பில் முளைப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வெறும் சுவரில் அது உடனே கண்ணில் படும். கொடி மூடிய சுவரில் இலைகளுக்குள்ளே வளர்ந்து, வெளியே தலைகாட்டும்போது விரல் தடிமன் வேர் செங்கல்லுக்குள் போயிருக்கும். மாதம் ஒருமுறை இலைகளை விலக்கிப் பார்த்து, இரண்டு இலைப் பருவத்திலேயே பிடுங்கிவிட வேண்டும். ஏணி வைத்தும் எட்ட முடியாத உயரத்துக்குக் கொடியை விடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

செட்டிநாட்டு வீடுகள் போலச் சுண்ணாம்புக் காரை பூசிய பழைய சுவர் என்றால், ஒட்டிப் படரும் எந்தக் கொடியையும் நேராக ஏற்றக் கூடாது. காரை மென்மையானது, கொடியை என்றாவது எடுக்கும்போது பூச்சும் சேர்ந்து வரும். அத்தகைய சுவருக்கு முன்னால் தனிச் சட்டம் நிறுத்தி அதில்தான் ஏற்ற வேண்டும். சிமெண்டுப் பூச்சு உறுதியாக இருந்தால் அந்தப் பயம் இல்லை. ஆனால் பெயிண்ட் போகும். எமல்ஷன் அடித்த சுவரில் ஒட்டிய வேரைப் பிய்த்தால் பெயிண்ட் செதில் செதிலாகக் கூடவே வரும், வேர்த்தடம் பழுப்புக் கோடுகளாக நிற்கும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை வெள்ளையடித்தே ஆக வேண்டும் என்கிற வீட்டுக்கு ஒட்டுக்கொடி ஒத்துவராது.

எப்படி ஏறுகிறது?

கொடிகள் ஏறும் வழிகளைச் சார்லஸ் டார்வின் 1865இல் ஒரு நீண்ட கட்டுரையாக எழுதினார். 1875இல் அது புத்தகமாக வந்தது. தண்டைச் சுற்றி முறுக்குபவை, இலையால் பற்றுபவை, சுருள்கம்பி விடுபவை, கொக்கியால் மாட்டுபவை, வேரால் ஒட்டுபவை என்று அவர் பிரித்தார். தோட்டக்காரருக்கு இன்றும் அந்தப் பிரிவுதான் பயன்படுகிறது, ஏனென்றால் நீங்கள் கம்பி வாங்க வேண்டுமா வேண்டாமா என்பதை அது சொல்லிவிடும்.

வேரால் ஒட்டும் கொடிக்குச் சுவரே போதும். வெற்றிலை, மிளகு, மணி பிளாண்ட் மூன்றும் கணுவில் வேர் விட்டுப் பிடிப்பவை. ஆனால் அவை பிறந்தது மரப்பட்டையைப் பிடிக்க. வழவழப்பான பெயிண்ட் சுவரில் அவற்றின் பிடி வலுவாக இருக்காது. முதல் ஓராண்டு கட்டிவிட வேண்டும், காற்று அடிக்கும் இடத்தில் எப்போதுமே கட்டு வேண்டும். சீந்தில் போன்றவை முறுக்கி ஏறும். வெறும் சுவரில் முறுக்குவதற்கு ஒன்றுமில்லை என்பதால் கம்பி இல்லாமல் கீழேயே குவியும். மனோரஞ்சிதம் வளைந்த பூக்காம்புக் கொக்கியால் மாட்டிக்கொள்ளும். அதற்குக் குறுக்குக் கம்பிகள் வேண்டும்.

கம்பி என்றால் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பி அல்லது வெல்டு மெஷ். சுவரில் துளையிட்டு பிளக் வைத்து, கொக்கித் திருகு முடுக்கி, சுவருக்கும் கம்பிக்கும் மூன்று நான்கு விரற்கடை இடைவெளி இருக்கும்படி கட்டுங்கள். அந்த இடைவெளியில் காற்று போவதால்தான் சுவர் காயும். நைலான் கயிறு வெயிலில் நைந்து, கொடி முழுப் பாரத்தோடு இருக்கும்போது அறும். சவுக்குக் கம்பு மலிவு. நிழல் ஈரத்தில் மண்ணைத் தொடும் முனை சில ஆண்டுகளில் உளுத்துப்போகும் என்று தெரிந்து வைத்தால் பரவாயில்லை.

வெற்றிலையும் அதன் உறவுகளும்

வெற்றிலைக் கொடிக்கால் ஒன்றை உள்ளே நுழைந்து பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சோழவந்தானிலும் ஆத்தூரிலும் கும்பகோணத்துப் பக்கமும் அகத்தியை நெருக்கி வளர்த்து, அதன் நிழலில்தான் வெற்றிலையை ஏற்றுகிறார்கள். உச்சி வெயிலிலும் உள்ளே மங்கிய பச்சை வெளிச்சம், தரையில் ஈரம், காற்றில் குளிர்ச்சி. இரண்டு வீட்டுக்கு நடுவே இருக்கும் சந்து ஏறக்குறைய இதே நிலையில் இருக்கிறது. நூற்றாண்டுகளாக நிழலில் வளர்க்கப் பழகிய ஒரு கொடி நம்மிடம் இருக்கும்போது நர்சரியில் பெயர் தெரியாத செடியைத் தேடிப் போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சுவருக்கு வெற்றிலை பல வகையில் பொருந்தும். இலை சுவரை ஒட்டி ஓடு அடுக்கியது போல ஒன்றன்மேல் ஒன்று படியும். வெளியே அதிகம் துருத்தாது என்பதால் குறுகிய சந்தில் நடக்க இடைஞ்சல் இல்லை. தண்டு பாரமில்லை. பறிக்கப் பறிக்கப் பக்கக் கிளை விட்டு அடர்த்தியாகும். பச்சைக்கொடி, வெள்ளைக்கொடி, கற்பூரம் என்று கொடிக்கால்காரர்கள் பிரித்துச் சொல்லும் வகைகளில் உங்கள் ஊர்ப் பக்கம் பயிராவதையே வாங்குங்கள். மூன்று நான்கு கணு உள்ள, முற்றிய ஆனால் மரத்துப் போகாத தண்டுத் துண்டில் இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி, ஒன்றரை அடிக்கு ஒன்று நட்டால் போதும்.

அதன் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். தண்ணீர் தேங்கினால் வாடல் நோய் வந்து, நேற்று வரை நன்றாக இருந்த கொடி நாலே நாளில் தொங்கிவிடும். வறட்சியும் ஆகாது. அதாவது மண் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், எப்போதும் நீர் வடிய வேண்டும். மேற்கிலிருந்து அனல்காற்று நுழையும் சந்தில் இலை விளிம்பு காயும். உப்புத் தண்ணீரில் அது பிழைக்காது.

மிளகு இதன் அக்காள். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளே அதன் பிறப்பிடம். வெற்றிலையைவிடத் தண்டு தடிப்பு, இலை கருமை. புதுக்கோட்டை மாவட்டத்து வடகாடு போன்ற சமவெளி ஊர்களிலேயே தென்னைக்கு இடையில் நன்றாக விளைகிறது என்பதால், மலையில்தான் வளரும் என்று தயங்க வேண்டாம். வாங்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். முதலாவது, இது கொடி மிளகா, புதர் மிளகா? அடியிலிருந்து ஓடும் தண்டில் எடுத்த நாற்றுதான் ஏறும். காய்க்கும் பக்கக் கிளையில் எடுத்தது தொட்டியில் புதராக நிற்குமே தவிரச் சுவரை எட்டிப் பார்க்காது. இரண்டாவது, என்ன ரகம்? பன்னியூர்-1 பெயர்பெற்ற ரகம், ஆனால் நிறைய வெளிச்சம் கேட்கும். நிழலுக்குக் கரிமுண்டா பொருத்தம். அடர்நிழலில் மிளகு நன்றாகப் படரும், காய் மட்டும் சொற்பம். சரம் சரமாக மிளகு வேண்டும் என்றால் இடைநிழலுக்குக் குறையக் கூடாது.

திப்பிலி உயரப் போகாது. வெற்றிலையின் அடித்தண்டு வெறுமையாகத் தெரியும் இடத்தை மறைக்க அதன் காலடியில் நட்டால் அந்த வேலையை அழகாகச் செய்யும்.

சேம்புக் குடும்பம்

மணி பிளாண்ட் பசிபிக் தீவு ஒன்றிலிருந்து உலகமெல்லாம் பரவியது. ஜன்னல் பாட்டிலில் உள்ளங்கை அளவு இலை விடும் அதே செடி, சுவரைப் பிடித்து ஏறத் தொடங்கினால் ஆறே மாதத்தில் இலையைப் பெரிதாக்கும். நல்ல மண் கிடைத்தால் முறம் அளவுக்கு வரும். மஞ்சள் வரி அழகுக்காக வாங்குகிறவர்கள் கவனிக்க: நிழலில் அந்த வரி மங்கிப் பச்சையாகிவிடும். அடர்நிழலில் சாகாமல் நிற்கும் கொடி எது என்று கேட்டால் இதுவும் சிங்கோனியமும்தான். மான்ஸ்டெரா கம்பீரமானது, ஆனால் ஓர் இலையே இரண்டடி அகலம் வரும். நாலடிச் சந்தில் அதை நட்டால் நீங்கள் நடக்க முடியாது. வாசல் பக்கத்து அகலமான நிழல் மூலைக்கு வையுங்கள்.

இந்தக் குடும்பத்தில் ஒரு விந்தை உண்டு. கோஸ்டா ரிகா காட்டில் மான்ஸ்டெரா இனம் ஒன்றின் நாற்றுகள் வெளிச்சத்தை விட்டுவிட்டு, அருகிலுள்ள பெருமரத்தின் கரிய அடியை நோக்கித் தரையில் ஊர்ந்து போவதை டொனால்ட் ஸ்ட்ராங், தாமஸ் ரே என்ற இருவர் 1975இல் எழுதினார்கள். எல்லாச் செடியும் ஒளியைத் தேடும் என்று பள்ளியில் படித்த நமக்கு, ஏற ஒரு மரம் வேண்டும் என்பதற்காக இருளைத் தேடிப்போகும் செடி ஆச்சரியம்தான்.

சிறு குழந்தையோ நாயோ இருக்கும் வீட்டில் இவை கீழ்மட்டத்தில் இருக்கக் கூடாது. கடித்தால் உள்ளே இருக்கும் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் வாயையும் நாக்கையும் எரித்து வீங்க வைக்கும். கத்தரிக்கும்போது கையிலும் அரிப்பு வரும். அந்த வீட்டுக்கும் வெற்றிலைதான்.

சுவரோடு சுவராக ஒட்டுவது

வால் கிரீப்பர் என்று நர்சரிகளில் கிடைக்கும் ஃபைகஸ் புமிலா அத்தி இனம், கிழக்காசியக் கொடி. சுண்டுவிரல் நகம் அளவு இலை, சுவரில் வரைந்தது போன்ற படர்வு. கம்பி, கட்டு எதுவும் தேவையில்லை. அதன் வேர் நுனி பிசின் போன்ற நீரைக் கசியவிட்டு ஒட்டுவதை டார்வின் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்து எழுதியிருக்கிறார். முதல் ஆண்டு அசையாமல் இருப்பதுபோல் தோன்றும். இரண்டாம் ஆண்டிலிருந்து உங்களால் நிறுத்த முடியாது. மேலே போனதும் தடித்த கிளைகளைச் சுவரை விட்டு வெளியே நீட்டி, பெரிய இலையும் காயும் விடும். அந்தக் கிளைகளை அவ்வப்போது வெட்டாவிட்டால் சுவரின் மேல்பாதி புதராகிவிடும். பெயிண்டையும் காரையையும் கெடுப்பதில் முதல் இடம் இதற்கே. ஆகவே வீட்டுச் சுவரைவிடக் காம்பவுண்டு சுவரின் உள்பக்கத்துக்கே இதைப் பரிந்துரைப்பேன். அதுவும் பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு.

பூவும் வேண்டும் என்றால்

காலையில் இரண்டு மூன்று மணி நேர வெயிலாவது விழுந்தால் சில வாய்ப்புகள் உண்டு. ப்ளீடிங் ஹார்ட் என்று விற்கும் கிளெரோடெண்ட்ரம் கொடி வெள்ளைப் புல்லியும் சிவப்புப் பூவுமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். மனோரஞ்சிதம் முதல் இரண்டு ஆண்டு பொறுமையைச் சோதிக்கும். பிறகு இலைமறைவில் பச்சையாகப் பூத்து, மஞ்சளாகப் பழுக்கும்போது மணம் தெருவரை வரும். கோவை, பொள்ளாச்சி, தென்காசி போல மலைக்காற்று படும் ஊர்களில் மேற்குத் தொடர்ச்சி மலையின் துன்பெர்ஜியா மைசூரென்சிஸ் நடலாம். முழ நீளச் சரத்தில் மஞ்சளும் அரக்கும் கலந்த பூக்கள் தொங்க, தேன்சிட்டுகள் விடாமல் வரும். அதன் சரம் தொங்க வெளி வேண்டும், எனவே சுவர் உச்சியில் ஒரு பந்தல் கட்ட வேண்டியிருக்கும்.

சுவர் நிழலில், மாடி விளிம்பு வெயிலில் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. ரங்கூன் மல்லியைக் கீழே நட்டுக் கம்பியில் மேலேற்றுங்கள். வேர் நிழலில் இருப்பதை அது பொருட்படுத்தாது, தலை வெயிலைக் கண்டால் பூக்கும். மாலையில் வெள்ளையாக விரிந்து மறுநாள் இளஞ்சிவப்பாகி, பிறகு சிவக்கும். அல்லது மாடியில் தொட்டி வைத்துக் கர்ட்டன் கிரீப்பரை மேலிருந்து கீழே தொங்கவிடலாம். சுவரைத் தொடாத திரை என்பதால் பெயிண்ட்டுக்கும் கேடில்லை.

ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் இதுவரை சொன்னதில் பாதியை விட்டுவிட்டு ஐவியை நடலாம். சமவெளியில் ஐவி வேண்டாம், கோடையில் கருகும்.

நடுவதும் பார்ப்பதும்

சுவரோர மண்ணைத் தோண்டினால் வருவது மண் அல்ல. வீடு கட்டியபோது கொட்டிய சிமெண்டு, செங்கல் சில்லு, சுண்ணாம்பு. சுவரிலிருந்து ஓரடி தள்ளி, ஒன்றரை அடி ஆழத்துக்கு அதை முழுதாக வெளியேற்றிச் செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் கலந்து நிரப்புங்கள். செப்டிக் டேங்க், சம்ப், கழிவுநீர்க் குழாய் எங்கே ஓடுகிறது என்று முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும். தரை முழுக்க சிமெண்டு போட்டாயிற்று என்றால் பதினாறு அங்குலத் தொட்டிக்குக் குறையாமல் வையுங்கள். தட்டு வைத்தால் அதில் தண்ணீர் நிற்கக் கூடாது. கொசு கொடியில் முட்டையிடாது, தட்டில் இடும்.

சன்ஷேடுக்குக் கீழே மழை விழாது. ஊரே வெள்ளத்தில் மிதக்கும் கார்த்திகையிலும் அந்தச் செடிக்கு நீங்கள்தான் ஊற்ற வேண்டும், பலர் மறப்பது இதை. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள். ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் நீர் இன்னும் உப்பு கூடியது. அதை இந்தக் கொடிகளுக்கு ஊற்றவே கூடாது. காற்றோட்டம் குறைந்த சந்தில் மாவுப்பூச்சியும் செதில் பூச்சியும் வரும். வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து இலையின் அடிப்பக்கம் தெளித்தால் அடங்கும். வெற்றிலையில் தெளித்தால் சில நாள் பறிக்காமல் இருங்கள்.

பாம்பு வரும் என்ற அச்சம் எல்லா வீட்டிலும் எழும். பாம்பு எலியையும் தவளையையும் தேடி வருகிறது, ஒளிய இடம் இருந்தால் தங்குகிறது. சுவரடியில் ஓரடி உயரத்துக்கு இலையைக் கழித்துத் தரை தெரியும்படி வைத்து, பழைய பலகை, உடைந்த தொட்டி போன்றவற்றைச் சந்திலிருந்து அகற்றிவிட்டால் அந்த அச்சம் பெரும்பாலும் தீரும். பாம்பு பயம் அதிகமுள்ள இடத்தில் காலடித் திப்பிலியையும் தவிர்த்துவிடுங்கள். மீட்டர் பெட்டி, ஏசி வெளிப்பெட்டி, மின்வயர் மூன்றிலிருந்தும் இரண்டடி தள்ளியே கொடியை நிறுத்துங்கள்.

ஓராண்டு, ஒன்றரை ஆண்டு கழிந்ததும் எந்தக் கொடியும் மேலே அடர்ந்து கீழே வெறிச்சோடும். கொடிக்கால்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் வைத்தியம் கொடி இறக்குவது. மழை தொடங்கும் சமயத்தில் கட்டுகளை அறுத்து, கொடியை ஒடியாமல் மெதுவாகக் கீழே இறக்குங்கள். இலை உதிர்ந்த வெற்றுத் தண்டைச் சுருளாக வளைத்து, அடியிலேயே ஆழமில்லாத குழியில் வைத்து மண்ணும் தொழுவுரமும் போட்டு மூடுங்கள். நுனிப்பகுதி ஓரிரு அடி மட்டும் வெளியே இருக்கட்டும். அதைச் சுவரில் சாய்த்து, சாணுக்கு ஒன்றாக வாழைநாரால் தளர்வாகக் கட்டுங்கள். புதைந்த கணுவெல்லாம் வேர் விட்டுக் கொடி புதிதாகக் கிளம்பும். வெற்றிலைக்குச் சொன்ன இந்த முறையை மணி பிளாண்டுக்கும் செய்யலாம். ஒரே நாளில் எல்லாக் கொடியையும் இறக்கிச் சுவரை மொட்டையாக்க வேண்டாம். இந்த ஆண்டு ஒன்றுவிட்டு ஒன்று, மீதி அடுத்த ஆண்டு. இறக்கிய கொடிக்கு முதல் பத்து நாள் தினமும் தண்ணீர், அதன் பிறகு பழைய கணக்கு.